பாதி தலைக்கு, பாதி கைப்பிடிக்கு

அவள் பயந்தவள். அவளைப் பற்றி வேறு எதைச் சொன்னாலும் அது இதற்கு அடுத்துத்தான்.

பாம்புக்குப் பயம், இடிக்குப் பயம் என்கிற வகை இல்லை. குறுக்கே வந்த பாம்பை மண்வெட்டியால் ஒதுக்கிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். சுரங்கத்தில் வெடி வைக்கும்போது நாங்கள் காதைப் பொத்துவோம். அவள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருப்பாள். அவள் பயந்ததெல்லாம் நிற்கிற எந்திரத்துக்கு. ஓடுகிற எந்திரம் ஓடுகிறேன் ஓடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே ஓடுகிறது. நிற்கிற எந்திரம்?

"அது என்னா நெனச்சிக்கிட்டு நிக்கிதுன்னு ஒனக்குத் தெரியுமா தம்பி?" என்பாள்.

எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது என்பதே அவள் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

அரியலூரைச் சுற்றி ஒரு காலத்தில் கடல் கிடந்தது. சிப்பியும் நத்தையும் செத்துச் செத்துக் கல்லான கடல். அந்தக் கல்லை உடைத்து, வேகவைத்து, பொடியாக்கி மூட்டை கட்டுகிற சிமெண்ட் ஆலைகளில் ஒன்றில் எனக்கு வேலை. சுரங்கத்து மேட்டில் கல் உடைக்கிற கிரஷர். உடைந்த கல்லை ஆலைவரை சுமந்து போகிற நீள ரப்பர் பெல்ட். அந்தப் பெல்ட்டை ஓட்டவும் நிறுத்தவும் ஒரு சுவிட்ச் அறை. அறையில் நான். பெல்ட்டுக்கு அடியில் அவள்.

பெல்ட் ஓட ஓடக் கல்லும் தூளும் இரண்டு பக்கமும் சிந்தும். சிந்தியது குவிந்து உருளைகளை முட்டும். அதைத் தோண்டி, சட்டியில் அள்ளி, தலையில் வைத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டக் காண்ட்ராக்டில் பெண்கள் வந்தார்கள். அங்கே நிமிர்ந்து நிற்க முடியாது. முதுகுக்கு மேலே பெல்ட், முழங்காலுக்குக் கீழே கல், கைக்குப் பக்கத்தில் உருளை. சாயங்காலம் வெளியே வரும்போது எல்லோருக்கும் ஒரே நிறம், ஒரே வயது. கண் மட்டும் தனித்தனியாக இருக்கும்.

அவள் பெயரைச் சொல்லலாம் என்றால் எந்தப் பெயரைச் சொல்வது? காண்ட்ராக்ட் மாறும்போதெல்லாம் கேட் பாஸில் அவளுக்குப் புதுப் பெயர் வரும். ஒரே ஆள் வருடக்கணக்கில் வேலை பார்த்தார் என்று நாளைக்கு யாரும் வழக்குப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக மேஸ்திரி செய்த ஏற்பாடு அது. ஒரு வருடம் அவள் அஞ்சலை. மறு வருடம் செத்துப்போன யாரோ ஒருத்தி. கேட்டில் செக்யூரிட்டி அந்தப் பெயரைக் கூப்பிட்டால் ஒரு கணம் திகைத்து, பிறகு "நான்தாங்க" என்பாள். "செத்தவ பேருல உள்ள போறேன், உசுரோட வெளிய வரணும் மாரியாத்தா" என்று முணுமுணுத்துக்கொண்டே போவாள். நாங்கள் எல்லோரும் அக்கா என்றோம். முதுகுக்குப் பின்னால் பயந்தாங்கொள்ளி என்றோம்.

வேலைக்கு இறங்கும் முன் அவள் தன்னைக் கட்டிக்கொள்வதைப் பார்க்க வேண்டும். போருக்குப் போகிறவர்கள்கூட அவ்வளவு கட்டிக்கொள்வார்களா தெரியாது. முந்தானையை இழுத்துச் செருகி, மேலே ஆம்பிளைச் சட்டையைப் போட்டுக் கழுத்துவரை பொத்தான் பூட்டி, தாலியைச் சட்டைக்குள் தள்ளி ஊக்குக் குத்தி, கூந்தலைச் சுருட்டி முடிந்து, முடிச்சுக்கு மேலே துணி கட்டி. பிறகு மற்றவர்களை ஒவ்வொருத்தியாகப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பாள்.

"ஏன்டி, பூவு வச்சிக்கிட்டு வந்திருக்க? பெல்ட்டு ஒனக்கு மாமனா?"

"ஆமாக்கா, மொறை மாமன்."

"இழுத்து அணைச்சிக்குவான். தூக்கிப் போடு அத."

எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே அந்தப் பூவைப் பிய்த்து எறிகிற வரைக்கும் அவள் கை நிற்காது.

ஏன் இப்படிப் பயப்படுகிறீர்கள் என்று பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு பதில். எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டப் போனபோது ஒருத்தியின் சடையைச் சாறு பிழிகிற எந்திரம் இழுத்ததைப் பார்த்தேன் என்றாள். இன்னொரு நாள், அண்ணன் கிணற்றில் இறங்கி நிற்க மேலே யாரோ மோட்டாரைப் போட்டுவிட்டார்கள் என்றாள். வேறொரு நாள், "பாக்க வேண்டியதில்ல தம்பி, நெனச்சாலே போதும்" என்றாள். எது நிஜம் என்று தெரியவில்லை. மூன்றும் நிஜமாக இருக்கக்கூடும்.

பெல்ட் சொல்லாமல் நிற்கும். சொல்லாமல் ஓடும். கல் லாரி வரவில்லை என்றால் நிறுத்து என்று ஃபோன் வரும். வந்துவிட்டது என்றால் போடு என்று ஃபோன் வரும். நின்ற இடைவெளியில் பெண்கள் உள்ளே புகுந்து அள்ளுவார்கள். ஓடும் முன் சங்கு ஊதும். ஆனால் அந்த ஆலையில் எல்லாப் பெல்ட்டுக்கும் ஒரே சங்கு. எது ஓடப் போகிறது என்று சங்குக்கே தெரியாது. என் அறையிலிருந்து பெல்ட்டின் அடி தெரியாது. பச்சைப் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, கீழே யாரும் இருக்க மாட்டார்கள் என்று நம்புவதுதான் வேலை. அந்த நம்பிக்கைக்குத்தான் எனக்குச் சம்பளம்.

நான் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் அவள் என் அறைக்குள் வந்தாள். தலைச்சுமைக்கு வைக்கிற சும்மாட்டுத் துணியை உருவினாள். பழைய பச்சைச் சேலைக் கிழிசல். அதைப் பல்லால் கடித்து நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தாள். சுவிட்ச் பெட்டியில் ஒரு கைப்பிடி உண்டு; கீழே தள்ளினால் கரண்ட் கிடையாது, மேலே ஏற்றினால்தான் பச்சைப் பொத்தானுக்கு உயிர். கீழே கிடந்த கைப்பிடியில் ஒரு பாதியைச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"என்னாக்கா இது?"

"பஸ்ஸுல சீட்டு புடிக்கத் துண்டு போடுறோம்ல. அது மாதிரி."

"எந்தச் சீட்டுக்கு?"

"உசுருக்கு." முடிச்சை இறுக்கினாள். "பாதி தலைக்கு, பாதி கைப்பிடிக்கு. நான் வெளிய வந்து என் கையால அவுத்தாத்தான் நீ கைப்பிடியத் தொடணும். துண்டு போட்ட எடத்துல ஒக்காருவியா நீ?"

உட்கார மாட்டேன். எங்கள் பக்கத்தில் கொலைகாரன்கூட உட்கார மாட்டான். ஜன்னல் வழியாக எறிந்த ஒரு அழுக்குத் துண்டுக்கு மொத்தப் பஸ்ஸும் கட்டுப்படும். அந்த மரியாதையை அவள் என் இரும்புப் பெட்டிக்குக் கொண்டுவந்துவிட்டாள். அன்றிலிருந்து ஒவ்வொருத்தியும் தன் சும்மாட்டைக் கிழித்தாள். சிவப்பு, மஞ்சள், கட்டம், பூப்போட்டது. அவரவர் முடிச்சு அவரவருக்குத்தான் தெரியும். எல்லாத் துணியும் போன பிறகு கைப்பிடி வெறும் இரும்பாக நிற்கும். அப்போதுதான் என் மூச்சு வெளியே வரும்.

இதோடு அவள் விட்டாளா? பெல்ட்டின் ஓரமாகக் கடைசிவரை ஒரு கயிறு ஓடும். ஆபத்தென்றால் எங்கிருந்து இழுத்தாலும் பெல்ட் நின்றுவிடும். எத்தனையோ ஆலைகளில் அந்தக் கயிறு துணி காயப்போடக் கொடி கட்டத்தான் ஆகும். இழுத்தால் கையோடு வரும். அவள் தினமும் காலையில் பெல்ட் காலியாக ஓடும்போது ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். பெல்ட் நிற்கும். ஃபோனில் எனக்கு வசவு விழும். நான் போய்ச் சரிசெய்து வரவேண்டும். மேஸ்திரி தலையில் அடித்துக்கொள்வார்.

"ஏம்மா, நேத்துதான இழுத்த? நின்னுச்சுல்ல?"

"நேத்து நின்னுச்சுங்க."

"இன்னிக்கு நிக்காதா?"

"அத்தத்தாங்க பாக்குறேன்."

"சிறுவாச்சூர்க் காளிய அவ்வளவு கும்புடுறியே. அவ பாத்துக்க மாட்டாளா?"

"அவளே வாரத்துல ரெண்டு நாளுதான் கதவத் தொறக்குறா. மத்த நாளு நாமதான் பாத்துக்கணும்."

புதிய நூற்றாண்டு பிறந்து கொஞ்ச காலத்தில் ஆலை கைமாறியது. கடலுக்கு அப்பால் உள்ள ஒரு கம்பெனி வாங்கியிருக்கிறது என்றார்கள். எங்கள் மாவட்டத்துக்கும் அப்போது அதே நிலைமைதான். அரியலூரைப் பெரம்பலூரிலிருந்து பிரித்தார்கள், மறுபடி சேர்த்தார்கள். "ஊருக்கே காண்ட்ராக்ட் மாறுது, நமக்கென்னா" என்று பெண்கள் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"மொதலாளி கண்ணுக்குத் தெரியற தூரத்துல இருந்தா அவன் மொகத்தப் பாத்தாவது பயப்படலாம். இவன் மொகம் எந்த ஊருல இருக்கு?"

முகம் வரவில்லை. பலகைகள் வந்தன. மஞ்சள் கோடுகள் வந்தன. தலைக்கவசம் வந்தது. கேட்டில் பெரிய பலகை ஒன்று வந்தது, விபத்தில்லாமல் கழிந்த நாட்களைத் தினமும் ஒன்று கூட்டிக் காட்டுவதற்கு. அப்புறம் பூட்டுகள் வந்தன. சிவப்புப் பூட்டு, ஆளுக்கு ஒன்று, ஆளுக்கு ஒரு சாவி, பூட்டின் மேல் அவனவன் ஃபோட்டோ. எந்திரத்துக்குள் இறங்குகிறவன் கைப்பிடியில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அவன் வந்து திறக்காமல் யாராலும் ஓட்ட முடியாது.

சேஃப்டி சார் வகுப்பெடுத்தபோது அவள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. கடலுக்கு அப்பாலும் யாரோ தன்னைப்போலப் பயந்திருக்கிறார்கள் என்று கண்டுகொண்ட முகம்.

"எங்களுக்கு எப்பங்க தருவீங்க?"

"நீங்க காண்ட்ராக்ட் ஆளுங்கம்மா. ஒங்க காண்ட்ராக்டர்தான் தரணும்."

காண்ட்ராக்டரிடம் கேட்டாள். கம்பெனிதான் தரவேண்டும் என்றார். கடைசியில் சங்கத்துக்கு வந்தாள். எங்கள் சங்கச் செயலாளர் நல்ல மனிதர், பெரிய தொண்டைக்காரர். ஜெயிலுக்குப் போனவர். எதற்கும் அஞ்சாதவர் என்று அவரைச் சொல்வோம், அவரும் மறுத்ததில்லை. கேட்டுக்கு எதிரே டீக்கடையில் அவரைப் பிடித்தாள்.

"நீங்க மெம்பர் இல்லியேம்மா. பர்மனெண்ட் ஆளுங்களுக்குத்தான் சங்கம். நாங்களே வருசா வருசம் கொறைஞ்சிக்கிட்டு வரோம், விருப்ப ஓய்வுன்னு வூட்டுக்கு அனுப்புறான்."

"அப்ப எங்களச் சேத்துக்கிட்டா கூடிருமுல்லங்க."

டீக்கடை சிரித்தது. செயலாளர் கொஞ்சம் சங்கடப்பட்டு, பேச்சை வேடிக்கையாக்கினார். "ஒன்னப்பத்தித்தான் சொல்றாங்களே, நெழலப் பாத்தாலே பயப்படுவியாம். பயந்தவங்க எல்லாம் சங்கத்துக்கு ஆவ மாட்டாங்கம்மா."

அவள் கண்ணாடித் தம்ளரை மெதுவாகப் பெஞ்சில் வைத்தாள்.

"பயப்படாதவங்களுக்கு எதுக்குங்க சங்கம்?"

யாரும் சிரிக்கவில்லை.

எனவே பர்மனெண்ட் ஆட்களுக்குப் பூட்டு, பெண்களுக்குத் துணி. ஒரே கைப்பிடியில் சிவப்புப் பூட்டும் கந்தலும் சேர்ந்து தொங்கிய காலம் அது. கந்தலை நான் மதித்தேன். அடுத்த ஷிப்டுக்காரரும் மதித்தார். அறைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அது கந்தல்.

அப்போது ஒரு செய்தி பரவியது. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், பாதுகாப்பைப் பார்க்க. ஆலை கல்யாண வீடாயிற்று. மரத்துக்கெல்லாம் காவியும் வெள்ளையும். பெல்ட்டுக்கு அடியில் ஒரு கூழாங்கல் கிடக்கக் கூடாது என்று பெண்களை இறக்கினார்கள். அந்த வாரம் மட்டும் கயிற்றை இழுக்கக் கூடாது என்று அவளுக்குக் கண்டிப்பான உத்தரவு. அவள் தலையாட்டினாள். ஒவ்வொரு காலையும் பெல்ட் ஓரமாக நடக்கும்போது கால் தடுக்கி விழுவாள், விழும்போது கை கயிற்றைப் பிடித்துக்கொள்ளும், பெல்ட் நிற்கும்.

"கண்ணு சரியா தெரியலீங்க" என்பாள்.

வெளிநாட்டுக்காரர்கள் வருவதற்கு முந்தின நாள். பெண்கள் துணியைக் கட்டிவிட்டுக் கீழே இறங்கியிருந்தார்கள். அவளும், அவளோடு தனமும். தனம் கல்யாணமாகி வந்து வேலைக்குச் சேர்ந்த புதுசு. பூ வைத்துக்கொண்டு வந்து வசவு வாங்கியவள் அவள்தான். எங்களையெல்லாம் மைதானத்துக்கு வரச்சொன்னார்கள். நாளைக்கு எடுக்கப்போகிற பாதுகாப்பு உறுதிமொழிக்கு ஒத்திகை. கைப்பிடியைப் பார்த்தேன். கீழே கிடந்தது. எல்லா வண்ணமும் அதில் இருந்தது. அறையைச் சாத்திவிட்டுப் போனேன்.

வரிசையாக நின்று வலது கையை முன்னால் நீட்டினோம். ஒலிபெருக்கியில் சேஃப்டி சார் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, நாங்கள் திருப்பிச் சொன்னோம். என் உயிரையும் என்னோடு வேலை செய்பவர் உயிரையும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது சங்கு ஊதியது.

எந்தப் பெல்ட்டோ என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். மைதானத்திலிருந்து மேட்டுச்சரிவு தெரியும். சரிவில் கறுப்புக் கோடாக எங்கள் பெல்ட் தெரியும். அந்தக் கறுப்பில் ஒரு வெளுத்த கல் கிடந்தது. அந்தக் கல் நகர்ந்தது.

நீட்டிய கை நீட்டியபடியே ஓடினேன் என்று பின்னால் சொன்னார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது அந்தக் கல் மட்டும். அது போய்க்கொண்டே இருந்தது. என் பின்னால் ஒலிபெருக்கி அடுத்த வரியைச் சொல்லிக்கொண்டே இருந்தது. எத்தனை பேர் கீழே, எந்த இடத்தில், யார் முதுகு எந்த உருளைக்குப் பக்கத்தில் என்று மனசு தானாக வரைந்து காட்டியது. அந்தப் படத்தில் எல்லோருக்கும் ஒரே நிறம்.

கல் நின்றது.

நான் பெல்ட்டுக்கு அடியில் போய்ச் சேர்ந்தபோது அவள் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். பெல்ட் நின்று வெகு நேரமாகிவிட்டது. கயிறு அவள் உள்ளங்கையை அறுத்திருந்தது. "விடுக்கா, நின்னுருச்சு" என்றால், "நிக்கிது, நிக்கிது, விட்டா ஓடிரும்" என்றாள். கண் இமைக்கவில்லை. நாலைந்து பெண்கள் கல்லின் மேல் உட்கார்ந்து வாயைத் திறந்தபடி சத்தமில்லாமல் அழுதார்கள். தனத்தின் சட்டைக்கையை உருளை இழுத்திருந்தது. சட்டைக்கையோடு கையையும். அவள் அலறவில்லை. "அக்கா, வளையல் போடல அக்கா, நான் வளையல் போடல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தன்மேல் தப்பில்லை என்று யாரிடமோ வாதாடுகிற மாதிரி.

பிறகுதான் அறைக்குப் போனேன். கைப்பிடி மேலே ஏறி, வெறும் இரும்பாகப் பளபளவென்றிருந்தது. எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார்கள். எங்கும் கந்தல் தொங்கக் கூடாது என்று சுத்தம் செய்ய அனுப்பப்பட்ட ஒருவர் எல்லா முடிச்சையும் பொறுமையாக அவிழ்த்திருக்கிறார். அவரும் காண்ட்ராக்ட்தான், வேறு காண்ட்ராக்டர். பின்னாலேயே வந்த இளம் எஞ்சினியர், கைப்பிடி கீழே கிடக்கிறதே, பூட்டும் இல்லையே, நாளைக்கு ஓட வேண்டிய பெல்ட்டாச்சே என்று ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறார். ஜன்னல் கட்டையில் துணிகள் இருந்தன. எறிந்துவிடவில்லை. ஒவ்வொன்றையும் நாலாக மடித்து அடுக்கி வைத்திருந்தார் அந்த மனிதர். சிவப்பு, மஞ்சள், கட்டம், பூப்போட்டது.

தனத்தை ஆம்புலன்ஸில் கொண்டுபோகவில்லை. மேஸ்திரியின் ஜீப்பில், சுரங்கத்துப் பின்வழியாக, திருச்சிக்கு. மறுநாள் காலை கேட்டில் நுழையும்போது பலகையைப் பார்த்தேன். விபத்தில்லாத நாட்களில் ஒன்று கூடியிருந்தது.

"காண்ட்ராக்ட் ஆளு அந்தக் கணக்குல வராதுப்பா" என்றார் செக்யூரிட்டி, மெதுவாக.

அன்று அவள் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. வந்தாள். உள்ளங்கையில் கட்டு. பின்னால் எல்லாப் பெண்களும். என் அறைக்கு வந்து கைப்பிடியைக் கீழே தள்ளி, பச்சைத் துணியைக் கட்டினாள். கட்டு போட்ட கை; முடிச்சு விழவில்லை; பல்லால் இழுத்தாள். மற்றவர்களும் கட்டினார்கள். கடைசியில் தனத்தின் பூப்போட்ட துணியை அவளே கட்டினாள். கட்டிவிட்டு யாரும் கீழே இறங்கவில்லை. அறை வாசலில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள்.

அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். ஒளிக்கவில்லை.

மேஸ்திரி கத்திக்கொண்டே வந்தார். "வெள்ளக்காரன் வர நேரத்துல விளையாடுறியா? துணிய அவுரு."

"ஆளுக்கொரு பூட்டு, ஆளுக்கொரு சாவி குடுங்க. அவுத்துடுறோம்."

போய் ஒரு பூட்டை வாங்கி வந்தார். "இந்தா. ஒங்க கும்பலுக்கே சேத்து. சாவி எங்கிட்ட இருக்கும், பத்திரமா."

அவள் பூட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திரும்பக் கொடுத்துவிட்டாள். "சாவி ஒங்ககிட்ட இருந்தா இது எங்களப் பூட்டுற பூட்டுங்க."

அவர் என்னைப் பார்த்தார். "நீதான சுவிட்சு? அவுத்து எறிஞ்சிட்டுப் போடு."

"துணி கெடக்குதுங்க" என்றேன். வேலை போய்விடும் என்று பயம். கைப்பிடியைத் தொட அதைவிடப் பெரிய பயம். இரண்டையும் அன்று எடை போட்டுப் பார்த்தேன்.

அப்போது செயலாளர் வந்தார். சமாதானம் பேச அனுப்பியிருந்தார்கள். வழக்கமான தொண்டையில் "என்னாம்மா இது" என்று தொடங்கியவர் கைப்பிடியைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். பூப்போட்ட துணியைச் சுட்டி, "இது யாரோடது?" என்றார்.

"தனத்தோடதுங்க. அவ இன்னும் வெளிய வரல."

எதற்கும் அஞ்சாத மனிதரின் முகத்தில் ஏதோ ஒன்று வழிதவறி வந்து நின்றது. தன் இடுப்பிலிருந்து சிவப்புப் பூட்டை எடுத்தார். துணிகளுக்கு நடுவே இடம் தேடி மாட்டினார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அவளுக்குப் பக்கத்தில் வெறும் தரையில் உட்கார்ந்தார்.

"எனக்கும் பயமா இருக்கும்மா" என்றார். அவர் குரல் அவ்வளவு சிறியது என்று யாருக்கும் தெரியாது.

மதியத்துக்குள் பூட்டுகள் வந்தன. ஃபோட்டோ இல்லாத, பெயர் இல்லாத பூட்டுகள். ஆனால் ஆளுக்கு ஒன்று, ஆளுக்கு ஒரு சாவி. அதற்குப் பிறகுதான் வெளிநாட்டு ஆட்களை மேட்டுக்கு அழைத்து வந்தார்கள். பெண்கள் வேலைக்கு இறங்கியிருந்தார்கள். வந்தவர்கள் பூட்டுகளைப் படம் பிடித்துக்கொண்டார்கள். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். பெண்கள் சாவியைத் தாலிக் கயிற்றில் கோத்திருந்தார்கள். சங்கத்தில் அவர்களைச் சேர்க்க வேண்டும் என்று செயலாளர் அடுத்த கூட்டத்தில் பேசினார். கைதட்டியவர்களைவிட எழுந்து போனவர்கள் அதிகம். ஆனாலும் சேர்ந்தார்கள், ஒவ்வொருத்தியாக.

அவள் சேரவில்லை. அவளால் முடியவில்லை. அடுத்த காண்ட்ராக்ட் மாறியபோது எல்லோருக்கும் புதுப் பாஸ் வந்தது. அவளுக்கு எந்தப் பெயரிலும் வரவில்லை. உயிரோடு இருக்கிறவள் பெயரிலும் இல்லை, செத்தவள் பெயரிலும் இல்லை. கேட்டில் கொஞ்ச நேரம் நின்றாள். சாவியைக் கழற்றி என்னிடம் கொடுத்து, "நேத்து அடியில வேல முடியல, பூட்டு கைப்பிடியிலயே தொங்குது, எடுத்துரு. இல்லன்னா ஓட்ட முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கடைசியாக அவளைப் பார்த்தது சிறுவாச்சூரில், ஒரு வெள்ளிக்கிழமை. அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமாகப் போகிறது என்று பேசிக்கொண்டிருந்த சமயம். கோயில் கூட்டம் பஸ் நிறுத்தம்வரை வழிந்தது. அவளோடு தனம் இருந்தாள். வலது பக்கச் சட்டைக்கையை மடித்து ஊக்குக் குத்தியிருந்தது. இரண்டு பேரும் கோயில் வாசலில் தேங்காய் பழம் விற்பதாகச் சொன்னார்கள்.

"எந்திரம் இல்லாத வேலை" என்றாள் தனம், சிரித்து. "அப்பயும் இவங்க விட மாட்டேங்குறாங்க. தேங்காய ஒடைக்கிற கல்லப் பாத்துப் பயப்படுறாங்க."

அவள் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள். "இப்ப அங்க கயிற யாரு இழுத்துப் பாக்குறா?"

"நான்தான்க்கா."

"தெனமுமா?"

"தெனமும்."

"பயந்து இழுக்குறியா, பழக்கத்துல இழுக்குறியா?"

பதில் சொல்வதற்குள் பெரம்பலூர் பஸ் வந்துவிட்டது. கூட்டம் பாய்ந்தது. தனம் இடுப்பிலிருந்த துணியை உருவி, இடது கையால் குறிபார்த்து ஜன்னல் வழியாக எறிந்தாள். ஒரு பூப்போட்ட துணி. சீட்டின் மேல் விழுந்தது. அதற்கு முன்பே பின்கதவு வழியாக ஏறிய ஒரு இளைஞன், செல்ஃபோனில் பேசிக்கொண்டே, துணியை இரண்டு விரலால் எடுத்து ஜன்னல் கம்பியில் போட்டுவிட்டு உட்கார்ந்தான்.

"துணியத் தொடாதடா! கீழ ஆளு இருக்கு!"

அந்தக் குரல் அவளுடையது என்று தெரியக் கொஞ்ச நேரம் ஆனது. கோயில் மேளம்கூட ஒரு அடி தவறியது. இளைஞன் எழுந்து நின்றுவிட்டான். டிரைவர் எஞ்சினை அணைத்தார். சிலர் சிரித்தார்கள். தனம் அவளைத் தன் ஒற்றைக் கையால் அணைத்துப் பிடித்து, "இல்லக்கா, இது பஸ்ஸு. பஸ்ஸுக்கா இது" என்று காதோடு சொன்னாள். அவளுக்குக் கேட்கவில்லை. இரண்டு கையும் காற்றில் எதையோ பற்றித் தொங்கிக்கொண்டிருந்தன.

"யாருப்பா கீழ?" என்று டிரைவர் எட்டிப் பார்த்துக் கேட்டார். யாரும் அசையவில்லை.

நான் ரோட்டில் முழங்காலிட்டேன். கையை ஊன்றி, தலையைச் சாய்த்து, சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே பார்த்தேன். எண்ணெய்ச் சொட்டு, ஒரு எலுமிச்சம்பழம், அந்தப் பக்கத்து ஆட்களின் கால்கள். வேறு யாரும் இல்லை. யாரும் இல்லை என்று தெரிந்த பிறகும் இன்னொரு தடவை பார்த்தேன்.

அது பழக்கம் இல்லை.